அறியா வினா

தமிழ் இலக்கணம் பயின்ற எவரும் வினா ஆறு வகைப்படும் என்பதை மறந்திருக்க மாட்டார். அறிவினா, அறியா வினா, ஐய வினா, கொளல் வினா, கொடை வினா, ஏவல் வினா என்பன அவை. முதல் இரண்டுக்கும் தலைமுறை தலைமுறையாக வகுப்புகளில் சொல்லப்பட்டு வரும் எடுத்துக்காட்டு ஒன்றே. 'இச்செய்யுளின் பொருள் யாது?' என்று ஆசிரியர் மாணவனைக் கேட்டால் அஃது அறிவினா. அதே வினாவை மாணவன் ஆசிரியரிடம் கேட்டால் அஃது அறியா வினா. சொல்லும் ஒன்று, தொடரும் ஒன்று; கேட்கும் வாய் மட்டுமே வேறு. தான் அறிந்த ஒன்றைப் பிறன் அறிவானா என்று சோதிப்பதற்காகக் கேட்பது முன்னது. தான் அறியாத ஒன்றை அறிந்துகொள்வதற்காகக் கேட்பது பின்னது.

இவ்விரண்டனுள் கல்விக்கு வித்து எது என்று கேட்டால் அறியா வினாவே என்று தயங்காமல் சொல்வோம். ஆனால் நம் வகுப்பறை ஒன்றில் காலை மணி அடித்தது முதல் மாலை மணி அடிக்கும் வரை அமர்ந்து, எழுந்த வினாக்களை எல்லாம் ஒரு தாளில் குறித்துப் பாருங்கள். ஏறக்குறைய அனைத்தும் அறிவினாக்களாகவே இருக்கும். விடை தெரிந்தவர் கேட்கிறார். விடை தெரியாதவன் சொல்ல வேண்டும். தெரியாதவன் கேட்க, தெரிந்தவர் சொல்வது என்னும் இயற்கை முறை அங்கே தலைகீழாகி நிற்கிறது.

ஆசிரியருக்கும் மாணவருக்கும் இடையே கருத்து எவ்வாறு செவ்வையாகச் சென்று சேரும் என்பது பற்றி எழுதுவோர் பலர். ஆசிரியர் தெளிவாகப் பேச வேண்டும். உரிய எடுத்துக்காட்டுகளைத் தர வேண்டும். கரும்பலகையை நன்கு பயன்படுத்த வேண்டும். முகமலர்ச்சியோடு இருக்க வேண்டும் என்பர். எல்லாம் உண்மையே. எனினும் இவை யாவும் ஒருவழிப் பாதையைச் செப்பனிடும் வேலைகள். மறுவழி அடைபட்டிருக்கிறதே, அதைத் திறப்பது எவ்வாறு என்பதே இக்கட்டுரையின் கவலை.

இக்கவலை எனக்கு நூல்களிலிருந்து வந்ததன்று. ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளுக்கு முன் கடற்கரை ஊர் ஒன்றின் பள்ளியில் தமிழாசிரியனாக இருந்தேன். உமறுப் புலவரின் சீறாப்புராணத்தில் நாட்டுப் படலத்தைப் பாடமாக நடத்திக்கொண்டிருந்த நாள் அது. மழை பொழிவதையும், வெள்ளம் பெருகுவதையும், வயல்களில் நெல் விளைந்து முற்றுவதையும் உருக்கத்தோடு விளக்கிக்கொண்டிருந்தேன். பின்வரிசையிலிருந்து ஒரு மாணவன் எழுந்தான். "ஐயா, அரபு நாட்டில் நெல் விளையுமா? எங்கள் வாப்பா அங்கிருந்து அனுப்பும் படங்களில் மணல்தான் இருக்கிறது" என்றான். வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன். "அது தேர்வுக்கு வராது, உட்கார்" என்றேன். அவன் உட்கார்ந்தான். அந்த ஆண்டு முடியும் வரை அவன் என்னிடம் வேறு எதுவும் கேட்கவில்லை.

அவன் கேட்டது எத்தகைய வினா என்பது நெடுநாள் கழித்தே எனக்கு உறைத்தது. சீறாப்புராணத்தைத் திறனாய்வு செய்யப் புகும் எவரும் எதிர்கொள்ள வேண்டிய முதல் வினா அதுவே. தமிழ்க் காப்பிய மரபு, பாட்டுடைத் தலைவரின் நாட்டை நீர்வளமும் நிலவளமும் செறிந்ததாகப் பாடச் சொல்கிறது. கம்பர் கோசலத்தைப் பாடும்போது காவிரி நாட்டின் வளத்தை அங்கே பாய்ச்சினார். உமறுப் புலவரோ பாலை நிலத்து அரபகத்தை மருத நிலமாக்கினார். அது மரபுக்குக் கட்டுப்பட்டதா? அன்றித் தம் ஊர் மக்கள் தம் மண்ணின் கண்கொண்டு நபிபெருமானாரின் நாட்டைக் காண வேண்டும் என்னும் அன்பா? இதனை ஒரு பருவம் முழுவதும் பேசலாம். அந்தப் பையன் தன் வாப்பாவின் படங்களை வைத்துக்கொண்டு, எவரும் சொல்லித் தராமலே அந்த வாசலில் வந்து நின்றான். நான் கதவைச் சாத்தினேன். என் பேச்சில் தெளிவு இல்லாமல் இல்லை, உருக்கமும் இருந்தது. செவி மட்டும் இல்லை.

இத்தகைய பிழைக்கு நம் பழைய இலக்கணமே காரணம் என்று சிலர் கூறுவதுண்டு. அது முழு உண்மையா என்று நோக்குவோம். பதின்மூன்றாம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூலின் பொதுப்பாயிரம் ஆசிரியர், மாணவர், கற்பிக்கும் முறை, கற்கும் முறை ஆகியவற்றுக்கு இலக்கணம் வகுக்கிறது. அதில் மாணவரை எட்டுப் பொருள்களுக்கு ஒப்பிடுவர். அன்னமும் பசுவும் தலை மாணாக்கர். மண்ணும் கிளியும் இடை. ஓட்டைக் குடமும் ஆடும் எருமையும் நெய்யரியும் கடை. பாடம் கேட்பவன் ஓவியப் பாவைபோல் அசையாது அடங்கி, செவியையே வாயாகவும் நெஞ்சையே கொள்கலமாகவும் கொண்டு கேட்க வேண்டும் என்றும், இருக்கச் சொன்னால் இருந்து, போகச் சொன்னால் போக வேண்டும் என்றும் அங்கே விதி உண்டு. ஆசிரியர்கள் பலர் இந்த இடத்தோடு நூலை மூடிவிடுகின்றனர். ஓட்டைக் குடம் என்னும் உவமை அவர்களுக்கு மிகவும் வசதியானது. நீர் நிற்கவில்லை என்றால் குற்றம் குடத்தினுடையதே அன்றி ஊற்றியவருடையது ஆகாதல்லவா?

ஆனால் நூலை மூடாமல் மேலே படிப்பவர் வேறு சிலவற்றைக் காண்பர். அதே நன்னூலார் ஆசிரியருக்கும் உவமை கூறுகிறார். நல்லாசிரியர் நிலமும் மலையும் துலாக்கோலும் மலரும் போன்றவர். ஆசிரியர் ஆகாதவருக்கும் நான்கு உவமைகள் உண்டு. அவற்றுள் ஒன்று கழற்காய் பெய்த குடம். போட்ட வரிசையில் காய் வெளிவராது. முன்னது பின்னாகவும் பின்னது முன்னாகவும் விழும். இன்னொன்று பருத்திக் குண்டிகை. அடைப்பதும் அரிது, எடுப்பதும் அரிது. ஆக, குடத்தின் குற்றத்தை இலக்கணம் இருபுறமும் காண்கிறது. கற்பிப்பவர் காலமும் இடமும் நோக்கி, கொள்பவன் எவ்வாறு கொள்வான் என்பதை அறிந்து, அவன் உள்ளம் ஏற்கும்படி கொடுக்க வேண்டும் என்பதும் அங்குள்ள விதியே. கேட்பவன் வாய் திறக்காமல், அவன் எவ்வாறு கொள்வான் என்பதை ஆசிரியர் எங்ஙனம் அறிவார்?

கற்கும் முறையைக் கூறும்போது நன்னூல் இன்னும் துணிவாகப் பேசுகிறது. பாடத்தைப் போற்றுதல், கேட்டதைச் சிந்தித்தல் முதலியவற்றோடு, வினவுதலையும் வினவியதற்கு விடை கூறுதலையும் மாணவனின் கடமைகளாகவே வைக்கிறது. அதற்கும் மேலாக ஒரு கணக்குத் தருகிறது. ஆசிரியர் சொன்னதை எவ்வளவு நன்றாகக் கேட்டாலும் மாணவன் கொள்வது கால் பங்குதான். உடன் பயில்வோரோடு கலந்து பழகுவதால் மற்றொரு கால் வரும். எஞ்சிய அரைப் பங்கு, தான் பிறருக்கு எடுத்துரைக்கும்போதுதான் நிறைகிறது. ஆசிரியரின் சொல்லுக்குக் கால் பங்கும் மாணவரின் சொல்லுக்கு முக்கால் பங்கும் கொடுத்த இந்நூலைத் துணைக்கு வைத்துக்கொண்டு, முழுப் பங்கையும் ஆசிரியர் எடுத்துக்கொண்டது யார் குற்றம்? நன்னூலின் குற்றமன்று என்பது தெளிவு. ஓவியப் பாவையாகக் கேட்பது முதற்படி. அதனையே முழு ஏணி என்று கொண்டது நம் பிழை.

தமிழ் முஸ்லிம்களாகிய நமக்கு இவ்வகையில் தனியொரு செல்வமும் உண்டு. மஸ்அலா என்னும் அரபுச் சொல் வினாவைக் குறிக்கும். அதனையே பெயராகக் கொண்ட ஓர் இலக்கிய வகையை நம் முன்னோர் தமிழில் வளர்த்தனர். வண்ணப் பரிமளப் புலவரின் ஆயிர மசலா 1572ஆம் ஆண்டைச் சேர்ந்தது. இன்று நமக்கு முழுமையாகக் கிடைக்கும் இஸ்லாமியத் தமிழ் இலக்கியங்களுள் காலத்தால் முற்பட்டதாக அறிஞர்கள் அதனையே குறிப்பர். யூத அறிஞர் அப்துல்லா இப்னு சலாம் வினாக்களைத் தொடுக்க, அண்ணல் நபிகள் நாயகம் (ஸல்) விடையிறுப்பதாக அமைந்தது அது. நம் இலக்கியத்தின் தொடக்க வாயிலில் நிற்பது வினா என்பது சிறிய செய்தியன்று. அந்நூலில் கேட்பவர் வெளியிலிருந்து வந்தவர், ஐயத்தோடு வந்தவர், சோதிக்கவும் வந்தவர். எனினும் ஆயிரம் வினாக்களுக்கும் இடம் தரப்படுகிறது. 'இது தேவையில்லை, உட்கார்' என்று யாரும் சொல்லவில்லை.

வெள்ளாட்டி மசலாவை எடுத்துக்கொண்டால் வியப்பு இன்னும் மிகும். அதற்கு மூலமான தவத்துதின் அரபுக் கதையில் அடிமைப் பெண் ஒருத்தி கலீஃபா ஹாரூன் ரஷீதின் அவையில் அறிஞர்கள் கேட்பவற்றுக்கெல்லாம் விடை கூறுகிறாள். அதோடு நில்லாமல், தன் முறைக்கு அந்த அறிஞர்களைக் கேட்கிறாள். அவர்கள் திகைக்கின்றனர். வினவும் உரிமை இருபுறமும் செல்லும் அவை அது. அங்கே அடிமைப் பெண்ணுக்குக் கிடைத்த உரிமை நம் பள்ளியில் பயிலும் பெண்மகளுக்குக் கிடைக்கிறதா என்பதை நாம் நெஞ்சில் கைவைத்து எண்ண வேண்டும்.

ஆயினும் இவ்வகை நூல்களை வாளா புகழ்வது திறனாய்வு ஆகாது. இவற்றில் ஒரு குறை உண்டு. கேட்பவர் பெரும்பாலும் விடையை முன்பே அறிந்தவர். நூறு மசலாவில் மணம்பேச வந்தவனை அரசகுமாரி சோதிக்கும் வினாக்களும் அத்தகையனவே. இலக்கணப்படி நோக்கினால் இவை அறிவினாக்களே, விடுகதையின் உறவினர்கள். காலப்போக்கில் வேறொன்றும் நிகழ்ந்தது. வினாவும் விடையும் ஒன்றாகக் கட்டப்பட்டு மனப்பாடப் பொருளாயின. வினாவே மனப்பாடம் ஆகிவிட்டால் அது வினா ஆகாது. விடையின் முன்பகுதி ஆகிவிடும். இன்று தேர்வுக்காக விற்கப்படும் வினா விடைத் தொகுப்புகள் செய்வதும் இதுவே. மசலா நூல்கள் நமக்கு வினாவின் பெருமையைக் கற்பித்தன. ஆனால் புதிய வினாவைப் பிறப்பிக்கும் கலையை நாம் அவற்றிலிருந்து எடுத்துக்கொள்ளவில்லை.

அக்கலை எதில் உள்ளது? உமர் (ரலி) அவர்கள் வாயிலாக வந்து முஸ்லிம் தொகுப்பில் இடம்பெறும் புகழ்பெற்ற நபிமொழி நிகழ்ச்சியை நோக்குங்கள். தூய வெள்ளாடையும் கருங்கூந்தலும் உடைய ஒருவர் அவைக்கு வருகிறார். அண்ணலாரின் முழங்காலோடு தம் முழங்கால் சேர அமர்கிறார். இஸ்லாம் பற்றியும் ஈமான் பற்றியும் இஹ்ஸான் பற்றியும் வினவுகிறார். மறுமை நாள் எப்போது என்று கேட்டபோது, கேட்டவரைவிடக் கேட்கப்பட்டவர் அதிகம் அறிந்தவரல்லர் என்னும் கருத்தில் விடை வருகிறது. அவர் சென்ற பின்னர், வந்தவர் ஜிப்ரீல் என்றும், மார்க்கத்தைக் கற்பிக்கவே அவர் வந்தார் என்றும் அண்ணலார் தோழர்களுக்கு உணர்த்துகின்றனர்.

கல்வியியல் நோக்கில் இதில் இரண்டு நுட்பங்கள் உள்ளன. விளக்கம் கூறியவர் அண்ணலார். ஆனால் கற்பிக்க வந்தவர் என்னும் பெயர் கேட்டவருக்குக் கிடைக்கிறது. அவையோர் கேட்க அறியாதிருந்ததை அவர்கள் சார்பில் அவர் கேட்டார். அறிவினாதான், ஆயினும் ஒருவனை மடக்குவதற்கான அறிவினாவன்று, அறியா வினாவுக்கு வழிகாட்டும் அறிவினா. இரண்டாவது நுட்பம், தெரியாததைத் தெரியாது என்று அனைவர் முன்பும் கூறும் பெருமிதம். நம் ஆசிரியருள் பலர் மாணவரின் வினாவுக்கு அஞ்சுவதன் மறைவான காரணம் இங்கேதான் இருக்கிறது. விடை தெரியாமற் போனால் மதிப்புப் போய்விடும் என்னும் அச்சம் அது. அரபு நாட்டில் நெல் விளையுமா என்ற பையனுக்கு அன்று எனக்கு விடை தெரியாது. அதை மறைக்கவே சிரித்தேன் என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

நெருக்கம் இல்லாத இடத்தில் வினா பிறவாது. 1871இல் மாயூரத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் சேர்ந்த உ.வே.சாமிநாதையருக்கு முதலில் சவேரிநாத பிள்ளை என்னும் மூத்த மாணவரே பாடம் சொன்னார். ஆசிரியரிடம் நேரே பாடம் கேட்க வேண்டும் என்னும் ஏக்கம் இளைஞருக்கு. ஆசிரியரோ தம் வீட்டுத் தோட்டத்தில் வைத்த மரங்கள் தளிர்விட்டனவா என்று ஒவ்வொரு காலையிலும் ஆவலோடு பார்ப்பவர். இதைக் கண்டுகொண்ட மாணவர் அவருக்கு முன்னே எழுந்து, எந்த மரத்தில் புதுத்தளிர் என்று தேடிவைத்து அவரிடம் காட்டத் தொடங்கினார். தளிரைப் பற்றிய பேச்சு நூலைப் பற்றிய பேச்சாயிற்று. 'என் சரித்திர'த்தில் ஐயர் இதனை விரிவாகக் கூறியிருக்கிறார். சைவராகிய அம்மகாவித்துவானிடம் கிறித்தவராகிய சவேரிநாத பிள்ளையும், நம் நாகூர்க் குலாம் காதிறு நாவலரும் பாடம் கேட்டனர் என்பதும் நினைவுகூரத் தக்கது.

இந்நிகழ்ச்சி உருக்கமானது. ஆயினும் அதன் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். வழியைக் கண்டுபிடித்தவர் மாணவர், ஆசிரியர் அல்லர். சாமிநாதையர் போன்ற கூரிய மாணவன் தளிரைத் தேடிக் கதவைத் திறந்துகொள்வான். தளிரைத் தேடத் தெரியாத, கூச்சம் மிகுந்த, வீட்டில் எழுத்தறிந்தோர் இல்லாத பிள்ளைக்கு யார் கதவைத் திறப்பது? அங்கே முதலடி ஆசிரியருடையதாக இருத்தல் வேண்டும்.

அந்த முதலடி மிகச் சிறியது என்பதை 1970களில் அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ காட்டினார். வகுப்பறைப் பேச்சுகளைப் பதிவுசெய்து ஆராய்ந்த அவர், ஆசிரியர் வினாவைக் கேட்டபின் விடைக்காகக் காத்திருக்கும் நேரம் சராசரியாக 1 விநாடி அளவே என்று கண்டார். அதற்குள் விடை வராவிட்டால் ஆசிரியரே பேசிவிடுகிறார், அல்லது வேறொருவனைக் கேட்கிறார். அந்நேரத்தை 3 விநாடிகளாக நீட்டியபோது விடைகள் நீண்டன. விடையின்றி நிற்போர் குறைந்தனர். மாணவர் தாமாகவே கேட்கும் வினாக்களும் பெருகின. இன்னொன்றும் அவர் கண்டார். கெட்டிக்காரன் என்று தாம் கருதும் பிள்ளைக்கு ஆசிரியர் சற்று அதிகமாகக் காத்திருக்கிறார். மந்தன் என்று கருதும் பிள்ளைக்குக் குறைவாகவே காத்திருக்கிறார். அதிகம் தேவைப்படுபவனுக்குக் குறைவாகக் கிடைக்கிறது. ஓட்டைக் குடம் என்று நாம் பெயரிட்ட பிள்ளைகளுள் எத்தனை பேர், நாம் 2 விநாடி பொறுத்திருந்தால் நிறைந்திருப்பார்கள்!

ஒரு வகுப்பில் ஐம்பது அறுபது பேர் இருக்க, முடிக்க வேண்டிய பாடங்கள் மலைபோல் கிடக்க, ஒவ்வொருவர் வினாவையும் கேட்டுக்கொண்டிருக்க முடியுமா என்று ஆசிரிய நண்பர்கள் கேட்பர். நியாயமான கேள்வி. இதனைத் தீர்க்க அரசும் முயலாமல் இல்லை. 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் சிலவற்றில் தொடங்கிய செயல்வழிக் கற்றல், 2007-08 கல்வியாண்டில் தமிழகமெங்கும் தொடக்க வகுப்புகளுக்கு விரிந்தது. ஆசிரியர் பிள்ளைகளோடு தரையில் அமர்ந்தார். 2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்விச் சட்டம் உடல் தண்டனையை மட்டுமன்றி மன உளைச்சல் தருவதையும் தடுத்தது. பிள்ளை தன் கருத்தைத் தடையின்றி வெளியிட உதவ வேண்டும் என்றும் அச்சட்டம் கூறுகிறது. வகுப்பில் ஒரு வினாவை எள்ளி நகையாடுவதும் தண்டனையே என்று அதனை நான் பொருள் கொள்கிறேன். ஆனால் அமரும் இடம் மாறினாலும், பிரம்பு மறைந்தாலும், வினாவின் திசை மாறாவிட்டால் வகுப்பறை மாறியதாகாது. ஐம்பது பேரும் நாள்தோறும் கேட்க வேண்டியதில்லை. பாடத்தின் முடிவில் 'புரிந்ததா?' என்று கேட்பதற்குப் பதிலாக 'என்ன கேட்கத் தோன்றுகிறது?' என்று கேட்டு, 5 நிமிடம் பொறுத்திருப்பதற்குப் பாடத்திட்டம் தடையாக இராது. 'புரிந்ததா?' என்பதற்கு 'புரிந்தது' என்னும் ஒரு விடைதான் இந்நாட்டு வகுப்புகளில் வழக்கம். அது வினாவே அன்று. மணி அடிக்கப் போகிறது என்பதற்கான அறிவிப்பு.

ஆசிரியரை மட்டும் குறைகூறி முடித்துவிட்டால் இக்கட்டுரை நேர்மையுடையதாகாது. பிள்ளை பள்ளிக்கு வருமுன்பே அதன் அறியா வினாக்களில் பாதியை நம் இல்லங்கள் அடக்கிவிடுகின்றன. நான்கு வயதில் எதைக் கண்டாலும் 'ஏன்' என்று கேட்ட பிள்ளை, பத்து வயதில் கேட்பதை நிறுத்திவிடுகிறது. அதனை அடக்கம் என்று மெச்சுகிறோம். காலையில் மக்தபில் ஓதிவிட்டு வரும் பிள்ளையிடம் எத்தனை வரி ஓதினாய் என்று கேட்கிறோம். மாலையில் பள்ளியிலிருந்து வரும் பிள்ளையிடம் எத்தனை மதிப்பெண் என்று கேட்கிறோம். இரண்டும் எண்ணிக்கை பற்றிய வினாக்களே. 'இன்று உஸ்தாதிடம் நீ என்ன கேட்டாய்? ஆசிரியரிடம் என்ன கேட்டாய்?' என்று கேட்கும் பெற்றோர் எத்தனை பேர்? அவ்வாறு கேட்கும் வீட்டுப் பிள்ளை, விடைகூற வேண்டுமே என்பதற்காகவேனும் மறுநாள் ஒரு வினாவைத் தேடிக்கொண்டு செல்லும். வீட்டில் பெண்பிள்ளை கேட்கும்போது 'உனக்கெதற்கு?' என்னும் சொல்லையும் கைவிட வேண்டும். தவத்துதின் கதையைச் சுவைத்துக் கேட்ட சமுதாயத்துக்கு அந்தச் சொல் பொருந்தாது.

அந்தப் பையன் இன்று எங்கோ குடும்பத் தலைவராக இருக்கக்கூடும். அவர் பிள்ளையும் ஏதேனும் ஒரு வகுப்பின் பின்வரிசையில் அமர்ந்திருக்கலாம். அரபு நாட்டில் நெல் விளையுமா என்பதற்கு இப்போது எனக்கு ஓரளவு விடை தெரியும். கவிஞன் ஏன் அங்கே நெல்லை விளைவித்தான் என்பதற்கு விடை தேடிக்கொண்டிருக்கிறேன். அவர் அன்று கேட்காதிருந்தால் அந்தத் தேடலும் எனக்கு வாய்த்திராது. ஆசிரியன் நானாக இருந்தும், அன்றைய வகுப்பில் பாடம் சொல்லித் தந்தவர் அவரே.